முதல் சூடு

சில்லு மறுபடியும் உடைந்தது.

பாங் நாரே நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, உள்ளங்கையால் மேசையை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். கதவருகில் நின்றிருந்த கிதே ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்தபடி உறைந்து போனான்.

"ஆச்சாக்கா?"

"ஆச்சு. செத்துப்போச்சு."

"நான் வாயே தெறக்கலையே! கதவத்தானே தெறந்தேன்."

"கதவத் தெறந்தா காத்து வராதா? நான் இங்க மூச்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், நீ சந்தைக்கு வர்ற மாதிரி வர்ற."

"சாப்பிடக் கூப்பிடலாம்னு வந்தேன்."

"நீ சாப்பிடு. என் பங்கையும் சேத்துச் சாப்பிடு."

அவன் சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனான். சாத்தும்போதும் காற்று வரத்தான் செய்தது.

அந்தச் சில்லு நகத்தளவுதான் இருக்கும். நடுவில் வெங்காயச் சருகு கூட அதன் பக்கத்தில் தடியாகத் தெரியும்படியான ஒரு சவ்வு. அந்தச் சவ்வின் மேல், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான ஒரு துணுக்கை வைக்க வேண்டும். வைப்பதற்குக் கடையில் எந்தக் கருவியும் கிடையாது. பல்குத்தும் குச்சியின் நுனியில் ஒரு கண்ணிமை முடியை ஒட்டி, அதால் துணுக்கைத் தொட்டு எடுத்து, சவ்வின் நட்ட நடுவில் இறக்க வேண்டும். அந்த முடி கிதேயுடையது. ஆய்வகத்திலேயே நீளமான இமை அவனுக்குத்தான். குளிர்காலத்தில் துணுக்கு மின்னூட்டம் ஏறித் துள்ளிப் பறந்துவிடும். மழைக்காலத்தில் முடியிலேயே ஒட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். இப்போது தேஜோனில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. இந்த வேலைக்கு நல்ல காலம் என்று வருஷத்தில் ஒன்று இருப்பதாக நாரேக்குத் தெரியவில்லை.

துணுக்கு சரியாக உட்கார்ந்துவிட்டால் மற்றதெல்லாம் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். சில்லைப் பொருத்தியிருக்கும் கருவி நொடிக்கு ஆயிரக்கணக்கான டிகிரி வேகத்தில் சூடேற்றும், அதே வேகத்தில் குளிர வைக்கும். அத்தனை அவசரத்துக்குக் காரணம் உண்டு. துணுக்கு என்பது சூரிய மின்கலத்துக்காகப் பூசிய ஒரு மெல்லிய படலத்திலிருந்து சுரண்டியது. அதில் இரண்டு பொருள்கள் கலந்திருக்கும். ஒன்று நீளச் சங்கிலியான பாலிமர், மற்றது சின்ன மூலக்கூறு. இரண்டும் மாவும் உப்பும் போலப் பிசைந்து கிடக்கும் வரை மின்கலம் வேலை செய்யும். சின்ன மூலக்கூறு தன் இனத்தைத் தேடிப்போய்ப் படிகம் கட்ட ஆரம்பித்தால் மின்கலம் படுத்துவிடும். படலத்துக்குள் படிகம் கட்டும் எண்ணம் இருக்கிறதா என்று பழைய கருவியில் மெல்லச் சூடேற்றிப் பார்த்தால், சூடேறுகிற வழியிலேயே அது படிகம் கட்டிவிடும். அப்புறம் கண்ட படிகம் முன்பே இருந்ததா, நாம் கட்ட வைத்ததா என்று யாரால் சொல்ல முடியும்? வேகமாகப் போனால் அதற்கு ஒதுங்க நேரமிருக்காது. வந்தபடியே பிடிபடும்.

பிடிபட்டதுதான் இப்போது தலைவலி. அவளுடைய வழிகாட்டி மேங் பேராசிரியரின் கலவை கோடைக்கால மொட்டைமாடிச் சூட்டிலும் அசையாமல் கிடக்கும் என்பது ஊரறிந்த பேச்சு. அதை அவரே பல மேடைகளில் சொல்லியிருந்தார். சோங்ஜூவில் ஒரு நிறுவனம் அதை ஜன்னல் கண்ணாடியில் பூசி விற்கத் தயாராகிக்கொண்டிருந்தது. நாரேயின் வேலை அந்த அசையாமையை வரைபடமாக எடுத்துக் கொடுப்பது மட்டும்தான். சில துணுக்குகள் அப்படியே தட்டையான கோடு கொடுத்தன. சில துணுக்குகள் முதல் சூட்டில் ஒரு சின்ன மேட்டையும் அதற்குப் பிறகு ஒரு பள்ளத்தையும் காட்டின. மேடு என்றால் படிகம் கட்டுகிறது, பள்ளம் என்றால் கட்டியது உருகுகிறது. அத்தனை வேகத்திலும் கட்டுகிறது என்றால் உள்ளே ஏற்கெனவே விதை இருக்கிறது என்று அர்த்தம். ஒரே குப்பி, ஒரே கலவை, ஒரே கை. ஒரு படலத்தில் இருக்கிறது, இன்னொன்றில் இல்லை.

சில்லைக் குறை சொல்லிப் பார்த்தாள், துணுக்கு ஒட்டுவதற்காகச் சவ்வில் தடவும் எண்ணெயைக் குறை சொல்லிப் பார்த்தாள். மழையைக் குறை சொல்லி, ஈரமுறிஞ்சும் இயந்திரத்தை இரண்டாக்கினாள். அதன் வாளியைக் கொட்டுவதே தனி வேலையாயிற்று. மேடு வந்தது, போனது, மறுபடி வந்தது.

வீட்டிலிருந்து அம்மா போன் செய்தால் அதே கேள்வி.

"இன்னும் அதே சூடு பண்ற வேலைதானா?"

"அதேதாம்மா."

"சூடு பண்ணிப் பாக்குறதுக்கு எத்தன வருஷம்டி? நான் ஒரு நாளைக்கு நூறு பேருக்கு நூடுல்ஸ் கொதிக்க வெக்கிறேன்."

"உனக்குக் கொதிச்சா தெரியும்மா. எனக்குக் கொதிச்சதா இல்லையான்னே தெரியல."

மேங் பேராசிரியர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். அவர் அறையில் எப்போதும் பொட்டலக் காப்பியின் வாசனை அடிக்கும். நீளப் பொட்டலத்தைக் கிழித்து, அதாலேயே கலக்கிக் குடிப்பது அவர் வழக்கம். பாராட்டினாலும் திட்டினாலும் ஒரே குரல்தான்.

"நாரே, உக்காரும்மா. சோங்ஜூவுக்கு அடுத்த வாரம் போறோம். படம் எங்க?"

நாரே மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இது என்ன மேடு?"

"அதத்தான் சார் நானும் கேக்குறேன்."

"இது முதல் சூடா?"

"ஆமா சார்."

"அட, என்னம்மா நீ! முதல் சூட்டப் போயி யாராவது காட்டுவாங்களா? உருக்கு, சட்டுனு குளிர வை, ரெண்டாவது சூட்டக் காட்டு. எல்லாரும் அதத்தான காட்டுறாங்க. முதல் சூட்டுல இருக்கிறதெல்லாம் பழைய கதை. பூசினவன் கை, காஞ்ச விதம், பெட்டியில இருந்த நாள், எல்லாக் குப்பையும் அதுலதான் இருக்கும். உருக்கினா எல்லாம் அழிஞ்சு சுத்தமாயிடும்."

"ரெண்டாவது சூடு தட்டையாத்தான் சார் இருக்கு."

"அப்புறம் என்ன? அதக் குடு."

"ஆனா சார், மின்கலத்த யாரும் உருக்க மாட்டாங்களே. கண்ணாடியில பூசினா பூசினதுதான். அது வாழ்றதே முதல் சூட்டுலதான்."

அவர் காப்பியை உறிஞ்சினார். "சரி. அப்ப அந்த மேடு ஏன் சிலதுல வருது, சிலதுல வரல?"

"தெரியல சார்."

"தெரியாத ஒண்ண நிறுவனத்துக்காரன் முன்னாடி வெச்சு, 'ஐயா எனக்குத் தெரியல'ன்னு சொல்லப் போறியா? ஒண்ணு காரணத்தோட வா, இல்ல ரெண்டாவது சூட்டோட வா."

வெளியே வந்தபோது நாரேக்குக் கதவை அடித்துச் சாத்த வேண்டும் போலிருந்தது. அவர் சொன்னதில் தப்பே இல்லை என்பதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. தப்பாகச் சொல்லியிருந்தாலாவது திட்டிக்கொண்டே வேலை செய்யலாம்.

அடுத்த நாள் காலையில் அவள் ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு போய், கிதே படலம் பூசுகிற அறையில் போட்டு உட்கார்ந்தாள்.

"என்னக்கா, வேவு பாக்க வந்திருக்கியா?"

"ஆமா. நான் இல்லன்னு நெனச்சுக்கிட்டு எப்பவும் செய்ற மாதிரி செய்."

"நீ இப்படி மொறச்சுப் பாத்தா எப்படி எப்பவும் மாதிரி செய்றது?"

ஆனாலும் செய்தான். கிதேயின் கை நல்ல கை, அதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. சூட்டுத் தட்டின் மேல் குப்பி இருந்தது. உள்ளே கருநீலக் கரைசல் சுழன்றுகொண்டிருந்தது. ஒரு துளியை எடுத்துச் சுழலும் கண்ணாடி மேல் விட்டான். படலம் விரிந்து உலர்ந்தது. ஒன்று, இன்னொன்று, மற்றொன்று. அவள் கண் கொட்டாமல் பார்த்தாள். குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. நாற்காலியில் அவளுக்குத் தூக்கம் வந்தது.

மத்தியானம் ஆனதும் கிதே கையுறையைக் கழற்றினான். கழற்றிய கையால் சூட்டுத் தட்டின் பொத்தானை அணைத்தான்.

நாரே நிமிர்ந்தாள். "என்ன பண்ற?"

"சாப்பிடப் போறேன். வர்றியா? இன்னைக்குக் கத்தியில வெட்டின நூடுல்ஸ்."

"அத ஏன் அணைச்ச?"

"ஆள் இல்லாம சூடு இருக்கக் கூடாதுல்ல? யோம் மேடம் ஒட்டியிருக்காங்களே." கதவில் சிவப்பு எழுத்தில் பாதுகாப்பு அலுவலகத்தின் காகிதம் ஒன்று இருந்தது. போன வருஷம் கீழ்த்தளத்தில் யாரோ அணைக்காமல் விட்டுப்போய்த் துணி கருகியதிலிருந்து எல்லாக் கதவிலும் அந்தக் காகிதம்தான்.

"தினம் அணைப்பியா?"

"தினம் சாப்பிடுறேன்ல?"

"வந்து?"

"வந்து மறுபடி போடுவேன். அதே சூடு. அப்புறம் மிச்சத்தப் பூசுவேன்."

"கிதே." அவள் குரல் தானாகவே தாழ்ந்தது. "இத ஏண்டா என்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கவே இல்லையே! கலவை என்ன, சூடு என்ன, வேகம் என்னன்னு கேட்ட. சாப்பிடப் போறியான்னு எப்ப கேட்ட?"

நாரே முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். மழைக்காலம் முழுக்கச் சில்லு சில்லாக உடைத்ததெல்லாம் விரலிடுக்கில் தெரிந்தது.

"அக்கா, அழுறியா?"

"இல்ல. உன்னக் கொல்றதா, யோம் மேடத்தக் கொல்றதான்னு யோசிக்கிறேன்."

"சாப்பிட்டுட்டு யோசிக்கலாமே."

அன்றைக்கு யாரும் சாப்பிடவில்லை. குப்பியைக் குளிரவிட்டு எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்கள். தெளிவாகத்தான் இருந்தது. பிறகு பழைய சூட்டுக்கே கொண்டுவந்து ஒரு படலம் பூசச் சொன்னாள். அதே கலவையில் இன்னொரு குப்பி தயாரித்து, தட்டை அணைக்காமல் சூட்டிலேயே வைத்து, அதிலிருந்தும் ஒன்று. மூன்றாவது குப்பியைக் குளிரவிட்டு, வழக்கத்தைவிட நன்றாகச் சூடேற்றி, நெடுநேரம் கலக்கிவிட்டுப் பூசினார்கள். அதன் பிறகு அவள் கிதேயின் இமை முடியோடு நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார்ந்தாள். கதவுக்கு வெளியே கிதே காவல் நின்று, வந்தவர்களையெல்லாம் வாயில் விரல் வைத்துத் திருப்பி அனுப்பினான்.

குளிர்ந்து மீண்ட கரைசலில் மேடு வந்தது. குளிராததில் வரவில்லை. நன்றாகச் சூடேற்றியதிலும் வரவில்லை. குளிர்ந்த நேரத்தில் கரைசலுக்குள் சின்ன மூலக்கூறுகள் கூடிக் கூடி விதையாக நின்றிருக்கின்றன. மிதமான சூட்டில் அவை கலையவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் படலத்துக்குள் குடிபோய், வெயிலுக்காகக் காத்திருக்கின்றன. காலையில் பூசியது ஒரு சாதி, சாப்பிட்டு வந்து பூசியது இன்னொரு சாதி. எல்லா முடிவுகளும் சரியான முடிவுகளே. ஒன்றுகூடத் தப்பில்லை. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் நாரேக்கு வந்தது கோபம்தான்.

அந்தக் கோபத்தோடு யோம் மேடத்திடம் போனாள். பாதுகாப்பு அலுவலகத்தில் அவர் பெரிய வெள்ளரிக்காய் ஒன்றைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார்.

"மேடம், எங்க சூட்டுத் தட்டு மத்தியானத்துல அணையக் கூடாது."

"ஆள் இருக்கா?"

"இல்ல, சாப்பிடப் போற நேரம் மட்டும்..."

"அப்ப அணையணும்."

"மேடம், அணைஞ்சா கரைசல்ல விதை கட்டுது. கண்ணுக்குத் தெரியாத விதை. அதனால..."

"நீ கண்ணுக்குத் தெரியாத விதையப் பத்திச் சொல்ற. நான் கண்ணால பாத்த நெருப்பப் பத்திச் சொல்றேன். எதும்மா பெருசு?"

யோம் மேடம் ஒரு துண்டு வெள்ளரிக்காயை நீட்டினார். "சாப்பிடு. முகமெல்லாம் வெளுத்திருக்கு. ரெண்டு பேர் இருக்கீங்கல்ல? மாத்தி மாத்திச் சாப்பிடுங்க. இதுக்கெல்லாமா மாடியேறி வருவாங்க?"

அந்த யோசனை தனக்கு ஏன் வரவில்லை என்ற கடுப்போடு நாரே வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டே இறங்கினாள்.

மேங் பேராசிரியர் படங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தார். காப்பி ஆறிக்கொண்டிருந்தது. அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தியா? கலவையில ஒரு கோளாறும் இல்ல. கிதே சாப்பிடப் போனதுதான் கோளாறு. மத்தியானத்துப் படலத்தையெல்லாம் தூக்கிப் போடு. காலையில பூசினத மட்டும் காட்டு. முதல் சூட்டையே காட்டு, உன் ஆசப்படி. தட்டையாத்தான இருக்கு?"

"சார்."

"என்ன சார்?"

"தொழிற்சாலையில யாரும் சாப்பிடப் போக மாட்டாங்களா?"

அவர் அவளைப் பார்த்தார்.

"பீப்பாய் பீப்பாயா கரைசல் செஞ்சு வெப்பாங்க சார். வண்டியில ஏத்துவாங்க, எறக்குவாங்க. ராத்திரியெல்லாம் குளிர்ந்து கெடக்கும். காலையில லேசா சூடு பண்ணிப் பூசுவாங்க. பாத்தா தெளிவா இருக்கும். பூசின அன்னைக்கு நல்லா ஓடும். ரெண்டு கோடை போனா எல்லா ஜன்னலும் செத்துப்போகும். அப்ப உங்க பேரத்தான் சொல்லுவாங்க."

கடைசி வாக்கியம் வாயிலிருந்து எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"ரெண்டையும் போடு," என்றார். "மேட்டையும் போடு. நீயே பேசு. நான் பேச மாட்டேன்."

சோங்ஜூவில் அவர் சொன்னபடியே பேசவில்லை. சுவரோரம் கைகட்டி உட்கார்ந்திருந்தார். நாரே பேசினாள். நிறுவனத்தின் பொறியாளர் பியோ ஒல்லியான, சிரிக்காத மனிதர். சின்ன மேடு திரையில் வந்ததும் பேனாவைக் கீழே வைத்தார்.

"குளிர்ந்துட்டா இது வருமா?"

"ஆமா சார். எவ்வளவு நேரம் குளிர்ந்தா வரும்னு இன்னும் சரியாத் தெரியாது. வரும்ங்கிறது மட்டும் நிச்சயம்."

"நாங்க கரைசலக் குளிர் அறையிலதான் வெக்கிறோம். கெட்டுப் போகக் கூடாதுன்னு."

பியோவின் பக்கத்தில் இருந்த இளைஞன் எதையோ எழுத ஆரம்பித்து நிறுத்தினான். அன்றைக்கு நடக்க இருந்த ஒப்பந்தக் கையெழுத்து நடக்காது என்று பியோ சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. தங்கள் கரைசலில் கொஞ்சம் அனுப்பிவைப்பதாகவும், அதை நாரே அளந்து சொன்ன பிறகு பேசலாம் என்றும் சொன்னார். வாசல் வரை வந்து, பேராசிரியருக்குக் குனிந்து வணக்கம் சொன்னார். பிறகு நாரேயின் பக்கம் திரும்பி, அதே அளவுக்குக் குனிந்தார்.

திரும்பும் வழியில் பேராசிரியர்தான் காரை ஓட்டினார். நெடுஞ்சாலையில் லாரிகள் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு போயின. நாரே திட்டுக்குத் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

"உன் ஆய்வேட்டுல மூணாவது அத்தியாயத்த மாத்தி எழுதணும்," என்றார் கடைசியில்.

"தெரியும் சார்."

"இந்தப் பருவத்துல முடியாது."

"தெரியும் சார்." அம்மாவிடம் என்ன சொல்வது என்று அவள் நினைத்துப் பார்த்தாள். நினைத்ததிலேயே களைத்துப் போனாள்.

"அந்த விதை," என்றார் அவர், ஒரு லாரியை முந்திக்கொண்டே. "சின்ன மூலக்கூறு தனியாக் கூடிக் கட்டினதா, பாலிமரையும் இழுத்து வெச்சுக் கட்டினதா?"

"தெரியல சார்."

"தெரியலன்னா? பாலிமர் இல்லாத கரைசலக் குளிர வெச்சுப் பாத்தியா?"

"எப்ப சார் பாக்குறது? போன வாரந்தான் காரணமே தெரிஞ்சுது!"

"கத்தாதம்மா, கார் ஓட்டுறேன். பாலிமர் இல்லாம வந்தா ஒரு மாதிரி. பாலிமர் இருந்தாத்தான் வருதுன்னா விஷயமே வேற. அப்ப சங்கிலியோட நீளத்தக் கொறச்சா விதையே கட்டாது. புரியுதா? குளிர் அறையில வெச்சாலும் கட்டாது."

அந்த எண்ணம் நாரேக்கு முந்தாநாளே வந்திருந்தது. அதைத் தானே செய்து, தானே எழுதலாம் என்று யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். இப்போது அவர் அதைத் தன் வாயால் சொல்லிவிட்டதால் நாளைக்கு அது அவருடையதாகிவிடும்.

"நான் ஏற்கெனவே நெனச்சேன் சார் அத," என்றாள், குரலைக் கொஞ்சம் உயர்த்தியே.

"நெனச்சா சொல்ல வேண்டாமா? நீளம் கொறஞ்ச பாலிமர் யார்கிட்ட இருக்கு?"

"குவாங்ஜூ ஆய்வகத்துல கேட்டிருக்கேன். அனுப்புறேன்னாங்க."

அவர் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். "கேட்டுட்டியா?"

"ரோட்டப் பாருங்க சார்."

அவர் ரோட்டைப் பார்த்தார். ஆனால் கேள்விகள் நிற்கவில்லை. எந்தச் சூட்டில் நிறுத்துவாய், எவ்வளவு நேரம் நிறுத்துவாய், சில்லின் மேல் நேராகவே கரைசலைச் சொட்டினால் என்ன, தடிமன் மாறினால் விதையின் கணக்கு மாறாதா? ஒன்றுக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தது. நாரேக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. வந்த எரிச்சலோடேயே பதிலும் சொல்லிக்கொண்டு போனாள். பல இடங்களில் அவரை மறித்து, அது அப்படியில்லை சார் என்று அடித்துப் பேசினாள். ஒரு முறை அவர் ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டு, "அதுவும் சரிதான்," என்றார். இத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை.

பச்சைப் பலகை ஒன்று மழையில் மங்கலாக வந்து தலைக்கு மேல் கடந்து போனது.

"சார், ஓக்சோன்."

"என்ன ஓக்சோன்?"

"தேஜோன் போயிடுச்சு. தாண்டி வந்துட்டோம்."

அவர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார், முன்னால் பார்த்தார், வாய்க்குள் ஏதோ திட்டிக்கொண்டார்.

"நீயாவது சொல்லக் கூடாதா?"

"நீங்க பேச விட்டாத்தானே சார்!"

"சரி, சரி. அடுத்த வெளிவழியில திரும்பிக்கலாம். அதுவரைக்கும் சொல்லு, தடிமன் விஷயம்."

நாரே ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு கண்ணைத் திறக்காமலேயே சொல்ல ஆரம்பித்தாள்.